ஐந்து வாட்டின் மிகைமை: மலிவு விலை ட்யூப் ஆம்ப் தேர்வு குறித்த ஓர் ஆய்வு

எலெக்ட்ரிக் கிட்டாருக்கு மலிவான ட்யூப் ஆம்ப் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது விலைப்பட்டியலைப் புரட்டி முடித்துவிடக்கூடிய சிறு காரியம் என்றே பலரும் கருதி வந்தாலும், அது மின்னியல், ஒலியியல், குடும்பவியல் ஆகிய முத்துறைகளும் கூடும் இடத்தில் நிற்பதால், தனி ஆய்வுக்குரிய பொருளே என்பது இக்கட்டுரையின் துணிபு. ட்யூப் ஆம்ப் என்பது, கம்பியின் அதிர்வால் பிக்கப்பில் பிறக்கும் நுண்ணிய மின்குறிப்பை, டிரான்சிஸ்டரின் துணையின்றி, காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழல்களைக் கொண்டு பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் கருவியாகும். 1906-இல் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் மூன்றாவது மின்முனையைச் சேர்த்ததால் பெருக்கும் ஆற்றல் பெற்ற இக்குழல், வால்வு என்ற பெயரில் பழைய வானொலிப் பெட்டிகளில் செம்மையாக ஒளிர்ந்துவிட்டு, டிரான்சிஸ்டர் வந்ததும் ஏறத்தாழ எல்லா வீடுகளிலிருந்தும் வெளியேறியது. கிட்டார்க்காரர்கள் மட்டும் விடவில்லை.

அவர்கள் விடாததற்குக் காரணம் உண்டு. தாங்கும் அளவுக்கு மேல் மின்குறிப்பு வந்து மோதும்போது, ட்யூப் அலையின் உச்சியைச் சட்டென்று வெட்டிவிடாமல் சிறிது சிறிதாக மழுக்குவதால், ஓவர்டிரைவ் எனப்படும் இனிய கரகரப்பு உண்டாகிறது. விரலின் அழுத்தத்துக்கேற்ப அது கூடியும் குறைந்தும் ஒலிக்கும். ஆனால் இந்நற்பேறு முழுமையாக வாய்க்க வேண்டுமெனில், ஒலிபெருக்கியை இயக்கும் பவர் ட்யூப்களையும் மூச்சு வாங்கும்வரை விரட்ட வேண்டும். அவ்வாறு விரட்டினால் சுற்றுப்புறமும் சேர்ந்து விரட்டப்படும். இம்முரண்பாடே இத்துறையின் மூலச் சிக்கல்.

அதன் பரிமாணத்தை அறியச் சிறு கணக்கு ஒன்று போதும். 1 வாட் மின்திறன் கொடுத்து 1 மீட்டர் தொலைவில் அளக்கப்படும் ஒலி, ஒலிபெருக்கியின் உணர்திறன் எனப்படும். 12 அங்குல கிட்டார் ஒலிபெருக்கிகளில் இது 98 டெசிபல் அளவில் இருப்பது வழக்கம். இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளோ, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும் இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபலும் வரம்பாக வகுத்துள்ளன. 98-இலிருந்து 45-க்கு இறங்க வேண்டுமானால் மின்திறனை ஏறத்தாழ 2 லட்சத்தால் வகுக்க வேண்டும். கிடைப்பது 5 மைக்ரோவாட். ஆகவே சந்தையில் "குட்டி ஆம்ப்" என்று கொஞ்சப்படும் 5 வாட் கருவி, இரவுத் தேவைக்கு மேல் 10 லட்சம் மடங்கு ஆற்றல் உடையது. விதி 1 மீட்டரில் அளக்கச் சொல்லவில்லை, இடையில் சுவர் உண்டே என மறுப்பார் உளர். சுவர் பெரும்பகுதியைத் தடுக்கும் என்பது மெய்யே. ஆயினும் புழுக்கத்துக்காகத் திறந்து வைத்த சன்னல் தடுக்காது. தவிரவும், வீட்டார் சுவருக்கு இப்பக்கமே வசிக்கின்றனர்.

இந்நிலையில் அறிஞர் இரு பிரிவினராயினர். பெருவாட்டுக் கொள்கையினர், டிரம்ஸ் வாசிப்பவர் ஒருவர் அருகில் அமர்ந்த மாத்திரத்தில் 5 வாட் காணாமல் போகும் என்றும், கரகரப்பில்லாத தெளிந்த ஒலி வேண்டுவோர்க்கு 15 வாட்டேனும் தேவை என்றும், ஆகவே இரண்டு இஎல்84 பவர் ட்யூப்களும் 12 அங்குல ஒலிபெருக்கியும் கொண்ட ஃபெண்டர் புளூஸ் ஜூனியர் போன்றதே கடைநிலைத் தகுதி என்றும் உரைப்பர். டிரம்ஸ் வாசிப்பவர் உண்மையில் வருவாராயின் இக்கூற்று மறுக்கத்தக்கதன்று. சிறுவாட்டுக் கொள்கையினரோ, மின்திறன் பத்து மடங்கானால்தான் செவிக்கு ஒலி இரு மடங்காகத் தோன்றும் என்ற விதியைக் காட்டி, 50 வாட்டுக்குக் காசைக் கொட்டியவர் 5 வாட்காரரைவிட இரு மடங்கே உரக்க ஒலிக்கிறார் என்றும், அவருடைய குமிழ் 3-ஐத் தாண்டிய நாளே இல்லையாதலால் மிச்ச எண்களுக்கு வீண் விலை கொடுத்தார் என்றும் வாதிடுவர். இக்கட்டுரை பின்னவர் பக்கமே சாய்கிறது.

சிறுவாட்டு மரபின் மூலநூலாகக் கொள்ளத்தக்கது, மாணவர்களுக்கென ஃபெண்டர் விற்ற சேம்ப். 1950களில் வந்த அதன் புகழ்பெற்ற வடிவில் முன்பெருக்கத்துக்கு ஒரு 12ஏஎக்ஸ்7, பவருக்கு ஒரு 6வி6, 8 அங்குல ஒலிபெருக்கி, சுமார் 5 வாட், ஒரே ஒரு ஒலியளவுக் குமிழ். பிற்காலத்தில் எபிஃபோன் வால்வ் ஜூனியர் 6வி6-க்குப் பதில் இஎல்84-ஐ வைத்து அதே துறவை மலிவாகக் கடைப்பிடித்தது. குமிழ் ஒன்றேயாதலின், திருப்பித் திருப்பிப் பார்த்தே மாலைப்பொழுதைக் கழிக்கும் வாய்ப்பு இவற்றில் இல்லை; வாசித்தே தீர வேண்டும். ஒரு சிலருக்கு இது குறையாகப்படலாம். புகேரா வி5 இன்னும் ஒரு படி இறங்கி, 5, 1, 0.1 வாட் என மாற்றும் விசை வைத்தது. முற்கூறிய ஒலிபெருக்கியைக் கொண்டு கணக்கிட்டால் அந்த 0.1 வாட்டும் 88 டெசிபல் ஆகிறது என்பதை வருத்தத்துடன் பதிவு செய்ய வேண்டியுள்ளது.

மலிவுக் கருவியில் முதலில் சிக்கனம் பிடிக்கப்படுவது கண்ணில் படும் கண்ணாடியில் அன்று, கண்ணில் படாத அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பிலும் ஒலிபெருக்கியிலுமே. ஆகவே வெளி ஒலிபெருக்கி செருகும் துளையும், அதற்கேற்ற ஓம் அளவும் உள்ளனவா எனப் பார்த்து வாங்குபவர், பின்னாளில் நல்ல 12 அங்குலத்தை இணைத்துப் பிழைத்துக்கொள்வார். ஒலிபெருக்கி எதுவும் இணைக்காமல் இயக்குபவரின் டிரான்ஸ்ஃபார்மர் பிழைக்காது. 1964-இல் கின்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தம் சிறிய எல்பிகோ ஆம்ப்பின் ஒலிபெருக்கிக் காகிதத்தைப் பிளேடால் கீறி, அக்கரகரப்பைக் கொண்டே "யூ ரியலி காட் மீ" பாடலைப் புகழ்பெறச் செய்தது மலிவு ஆம்ப் ஆய்வில் மாபெரும் பங்களிப்பாயினும், உத்தரவாதக் காலத்துக்குள் பின்பற்றத்தக்கதன்று.

பழையது வாங்குவோர் பின்பலகையைக் கழற்றலாகாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்கள் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கக்கூடும். பின்பக்கம் திறந்த பெட்டியாயின், ஆம்ப்பை இயக்கி, ஒலியளவைச் சற்றே கூட்டி, வெளியே தெரியும் ட்யூப் ஒவ்வொன்றையும் பென்சிலின் மரமுனையால் மெல்லத் தட்டிப் பார்ப்பது மரபு. தட்டிய ஓசை கணீரென ஒலிபெருக்கியில் திரும்பி வந்தால், உள்ளுறுப்பு தளர்ந்து அக்குழல் மைக்ரோஃபோன் ஆகிவிட்டது என்று பொருள். விற்பவர் அதனை விண்டேஜ் டோன் என்பார். புதுக் குழலின் விலையைக் கழிக்கச் சொல்லிப் பேரத்தை அங்கிருந்து தொடங்கலாம்.