இலைக்கு நாடி பார்ப்பவர்

சங்கரன்கோவிலில் தெருவுக்கு ஒருவராவது இப்படி இருப்பார். பேர் எதுவானாலும் எல்லாருக்கும் அண்ணாச்சிதான். சட்டைப்பையில் ஒரு பேனா டார்ச்சும் பஞ்சாங்கம் பார்க்கிற பூதக்கண்ணாடியும் இருக்கும். அடுத்த வீட்டுத் தொட்டிச்செடி வாடினால் போதும், கூப்பிடாமலே வந்து நிற்பார்.

மல்லிகை, பிச்சி பற்றி வாயே திறக்கமாட்டார். பூச்சந்தை இருக்கிற ஊரில் அது எடுபடாது. அவர் கெட்டிக்காரத்தனமெல்லாம் யாருக்கும் தெரியாத செடியிடம்தான். அடுத்த வீட்டு மதினிக்குப் பெங்களூர் மகன் கூரியரில் அனுப்பிய அமரில்லிஸ் கிழங்கு அவருக்கென்றே வந்து இறங்கியது.

"இலை ஏன் மதினி மஞ்சளடிச்சுக் கெடக்கு? தண்ணி ஊத்துதியளா?"

"காலையில ஒரு செம்பு, சாயங்காலம் ஒரு செம்பு அண்ணாச்சி."

"பத்தாது. இன்னொரு செம்பு ஊத்துங்க."

அந்தத் தண்ணீரில்தான் கிழங்கு அடியில் அழுகிக்கொண்டிருக்கிறது. விரலால் அமுக்கினால் கொழகொழக்கும். ஆனால் மண்ணைக் கிளறுவது அவர் வழக்கமில்லை. இலையைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

இலை நீண்டு துவண்டால் சத்துக் குறைவு, யூரியா போடணும். தொட்டி பீரோவுக்குப் பின்னால் வெயிலே படாமல் இருப்பது பூதக்கண்ணாடியிலும் தெரியாது. யூரியா போட்டபின் இலை தளதளவென்று வரும். பூ மட்டும் வராது.

ஒரு வீட்டில் இலையெல்லாம் செம்புள்ளி. அது ஒரு பூஞ்சை. இலைமேல் ஈரம் தங்கத் தங்கப் பரவும். பட்ட இலையை வெட்டிவிட்டு, மண்ணில் மட்டும் தண்ணீர் விட்டாலே பெரும்பாலும் அடங்கும். அண்ணாச்சி "படை" என்றார். படை என்றால் கோமதியம்மன் கோயில் புற்றுமண் இருக்கவே இருக்கிறது. "மனுசத் தோலுக்குக் கேக்கது இலைக்குக் கேக்காதா?" ஆடித்தபசுக்கு வருகிறவர்களெல்லாம் பக்தியோடு கொண்டுபோகிற மண்ணை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தக் கிழங்குக்குக் கழுத்து வெளியே தெரியவேண்டும். அவரோ கழுத்து மூடக் குவித்து, குழந்தையைத் தூங்கவைப்பதுபோல் தட்டியும் கொடுத்தார்.

ஒரு விஷயத்தில் அவரை மெச்சத்தான் வேண்டும். இன்னொரு வீட்டில் இலை விளிம்பெல்லாம் அரிபட்டிருந்தது. டார்ச் அடித்தவர் கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி வைத்த புழுக்களைக் கண்டுபிடித்தார். லில்லி அந்துப்பூச்சியின் புழு அது. நம் செங்காந்தளையும் விடாது. மருந்துப் பாட்டில் வாங்க விடாமல், ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாகத் தட்டி சோப்புத் தண்ணீரில் போட்டார். வைத்தியம் வெகு சரி. மறுநாள் டீக்கடையில் அந்தப் புழு ஒரு சாண் நீளம் இருந்தது. சாயங்காலத்துக்குள் சீறவும் ஆரம்பித்துவிட்டது.

மார்கழியில் ஒரு தொட்டியில் இலை மொத்தமும் காய்ந்து விழுந்தது. ஓய்வெடுக்கும் பருவம் அது. தண்ணீரை நிறுத்திச் சும்மா விட்டால் கோடையில் மொட்டுத் தள்ளும். சும்மா விடுவது மட்டும் அண்ணாச்சியால் ஆகாத காரியம். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, தொட்டி பக்கத்தில் கொஞ்சநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

"நம்ம கையில என்ன மதினி இருக்கு? பாக்க வேண்டிய வைத்தியமெல்லாம் பாத்தாச்சு" என்றார்.