அடைக்கோழியும் ஜெர்மன் முயலும்

எங்கள் அம்மாவுக்குத் தவக்காலம் முழுக்கச் சுத்தபோசனம்தான். வெள்ளிக்கிழமைகளில் ஒருசந்தி வேறு. கறி கிடையாது, மீன் கிடையாது, பரண்மேல் இருக்கும் கருவாட்டுப் பானைக்கு வாய்க்கட்டு. 2025-இல் சாம்பல் புதன் மார்ச் 5, உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 20. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி விரல்விட்டு எண்ணினான்.

“அப்பாயி, நாப்பது நாள்னு சொன்னீங்க. நாப்பத்தாறு வருதே?”

“ஞாயித்துக்கிழமை கணக்குல சேராதுடா” என்றாள் அம்மா, வரப்போவது தெரியாமல்.

“அப்ப ஞாயித்துக்கிழமை கோழி அடிக்கலாம்ல?”

திருச்சபைக் கணக்குப்படி அவன் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் எங்கள் வீட்டு அடுப்படி வத்திக்கானுக்குக் கட்டுப்பட்டதல்ல.

முட்டையும் விலக்குத்தான். கோழிகளுக்கு அது தெரியாததால் அவை பாட்டுக்கு இட்டுக்கொண்டிருந்தன. அந்தக் காலத்து ஐரோப்பாவிலும் இதே சங்கடம். தவக்காலத்தில் தின்னாமல் சேர்ந்துபோன முட்டைகளை அவித்துச் சாயம் பூசிப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததில்தான் ஈஸ்டர் முட்டை பிறந்தது என்பார்கள். பூண்டி மாதா கோயிலுக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரில் யாரும் அப்படி வீணாக்குவதில்லை. கூடையில் தவிட்டைப் பரப்பி அடை வைத்துவிட்டால் 21 நாளில் குஞ்சு.

சிக்கல் எல்.கே.ஜி. படிக்கும் மகள் வழியாக வந்தது. “ஈஸ்டருக்கு முயல் வந்து முட்டை வைக்குமாம். நாம தேடி எடுக்கணுமாம். மிஸ் சொன்னாங்க.”

“முயல் எந்த ஊர்ல முட்டை போடுது?” என்றாள் அம்மா.

ஜெர்மனியில். ஈஸ்டர் முயல் முட்டை கொண்டுவருவதாகப் பிள்ளைகளிடம் கதை சொல்கிறார்கள் என்று 1682-லேயே அங்கே ஒரு வைத்தியர் எழுதிவைத்திருக்கிறார். முட்டையை அதிகம் தின்றால் வயிற்றுக்கு ஆகாது என்பது அவர் கவலை. இதை நான் சொல்லியிருக்கக் கூடாது. என் மனைவி தரங்கம்பாடி லுத்தரன் குடும்பம். 1706-இல் ஜெர்மனிக்கார லுத்தரன் பாதிரியார் சீகன்பால்கு அங்கே கப்பலைவிட்டு இறங்கியதை, ஏதோ அவள் தாய்மாமன் போய்க் கூட்டிவந்ததுபோலச் சொல்வாள்.

“ஒங்க ஆளுங்கதானா?” என்று அம்மா மருமகளைப் பார்த்தாள்.

“அவங்க அச்சு மெஷின் கொண்டாந்தாங்க அத்தை. 1715-லயே தமிழ்ல புதிய ஏற்பாடு அச்சடிச்சாங்க. முயல்லாம் கொண்டாரலை.”

சனிக்கிழமை நடுச்சாமப் பூசை. புதுத் தீ மூட்டி, பாஸ்கா திரி ஏற்றி, வாசகங்கள் தொடங்கின. உலகம் உண்டான மூன்றாம் நாளிலேயே மகள் தூங்கிவிட்டாள். மகன் செங்கடல்வரை தாக்குப்பிடித்தான். அவன் கையிலிருந்த மெழுகுதிரி என் புதுவேட்டியில் கோலம் போட்டது. பெரிய வியாழனிலிருந்து வாய் மூடியிருந்த மணிகள் எல்லாம் சேர்ந்து அடிக்க, திரை விழுந்து உயிர்த்த ஆண்டவர் சுரூபம் தெரிய, வெளியே சரவெடி. மகள் திடுக்கிட்டு எழுந்து, “தீபாவளியாப்பா?” என்றாள். வீட்டுக்கு வந்து கண்ணயர்ந்தால் நாலு மணிக்கு மனைவி எழுப்புகிறாள். அவள் வழக்கப்படி விடியற்கால ஆராதனை. கலப்புத் திருமணத்தில் இப்படித் தூக்கம் பறிபோகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

முட்டை வேட்டைக்குக் கடைசியில் அம்மாவே ஒப்புக்கொண்டாள். பன்னிரண்டு முட்டையை அவித்து, மஞ்சளிலும் பீட்ரூட் சாற்றிலும் முக்கி எடுத்தாள். கொல்லையில் அடுக்கியிருந்த வைக்கோல் கட்டுகளுக்கு இடையில் ஒளித்தது நான். ஆட்டுக்கறிக் குழம்பும் இட்லியும் உள்ளே இறங்கியதும் பிள்ளைகள் பாய்ந்தார்கள். எங்கள் கோழிகள் வருஷம் முழுக்க எங்களுக்கு இதே விளையாட்டைத்தான் காட்டுகின்றன. பூனை தூங்குகிற சாக்கிலிருந்துகூட நாங்கள் முட்டை எடுத்திருக்கிறோம்.

கூடையில் பன்னிரண்டும் வந்துவிட்டது. எண்ணிக்கை சரியாக இருந்ததால் யாரும் உற்றுப் பார்க்கவில்லை. சாயமில்லாத ஒன்றை மகன் தன் நெற்றியிலேயே தட்டி உடைத்தான். கூமுட்டை. எந்தக் கோழி எந்த மாதத்தில் ஒளித்ததோ! தெரு முனைவரை மூக்கைப் பொத்தினார்கள். பன்னிரண்டில் ஒன்று கெட்டுப்போவது கிறிஸ்தவர்களுக்குப் புதிதல்ல என்று நான் ஆறுதல் சொன்னேன். சட்டை துவைத்தவளுக்கு அது ஆறுதலாகப் படவில்லை.

அப்படியானால் நான் ஒளித்த பன்னிரண்டாவது எங்கே? சாயங்காலம் மகள்தான் கண்டுபிடித்தாள். வைக்கோல் சந்தில் கறுப்புக் கோழி சிறகை விரித்து உட்கார்ந்திருந்தது. கிட்டே போனால் கொத்த வந்தது. அடியில், பீட்ரூட் நிறத்தில், அவித்த முட்டை.

“பாவம், 21 நாளும் எழுந்திரிக்காது” என்றாள் அம்மா.

மகள் கொஞ்ச நேரம் யோசித்தாள். “அப்பாயி, இயேசப்பா மூணாம் நாள் எந்திரிச்சாங்கள்ல. வெந்த முட்டை எந்திரிக்காதா?”

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “அடுத்த ஞாயித்துக்கிழமை சாமியாரக் கேளு.”