மச்சான் சொன்ன ஜென் 5

கேள்வி: வீடியோ எடிட்டிங்குக்காகப் பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்து லேப்டாப் ஆர்டர் செய்யப் போகிறேன். இருப்பதிலேயே வேகமான ஜென் 5 எஸ்எஸ்டி போடச் சொல்கிறான் மச்சான். போடலாமா?

பதில்: பணம் யாருடையது, மச்சானுடையதா? அப்படியென்றால் தாராளமாகப் போடுங்கள்.

உங்களுடையது என்றால் கொஞ்சம் பொறுங்கள். நொடிக்கு 150 எம்பி கொடுத்த பழைய ஹார்ட் டிஸ்க்கை விட்டு 550 எம்பி சாட்டா எஸ்எஸ்டிக்கு வந்தபோது கிடைத்த பரவசம், 3,500 தரும் ஜென் 3-இலிருந்து 7,000 தரும் ஜென் 4-க்குத் தாவினால் கிடைக்காது. விண்டோஸ் திறப்பதெல்லாம் சில்லறைக் கோப்புகளைப் பொறுக்கும் வேலை. அங்கே இந்த வேகம் சந்துக்குள் நுழைந்த ரேஸ் கார். ஜென் 5-க்குச் சூடும் அதிகம். ஒல்லி லேப்டாப்பில் கொதித்துப்போய்த் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

அந்தக் காசில் ஜென் 4-லேயே 2 டிபி வாங்குங்கள். டிஎல்சி வகையா என்று பாருங்கள். மலிவான கியூஎல்சி, பெரிய வீடியோவைக் கொட்டும்போது கேஷ் நிரம்பியதும் மூச்சு வாங்கும். இரண்டாவது எம்.2 ஸ்லாட் இருக்கிறதா, அது என்விஎம்இ-யா வெறும் சாட்டாவா என்றும் கேளுங்கள். ராம் 32 ஜிபி. போர்டோடு பற்றவைத்த ராம் என்றால் பிறகு கூட்ட முடியாது.

கிராபிக்ஸ் கார்டில்தான் பெரிய வில்லங்கம். ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே பெயரில் 35 வாட்டும் உண்டு, 115 வாட்டும் உண்டு. பெட்டியில் பெயரைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள். வாட்டைத் தேடப் பூதக்கண்ணாடி வேண்டும். மச்சானை அந்த வேலைக்கு அனுப்புங்கள்.