காசு கொடுத்து வாங்கிய துரு

மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவார்கள், வாட்ச் கட்டுவார்கள். என் மாமனார் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத் தன் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைக் கயிறு கட்டி இழுத்து வந்து, திருவான்மியூரில் எங்கள் வாசலில் நிறுத்தி, "இனிமே இது உங்க பொறுப்பு மாப்பிள்ளை" என்றார். பெண்ணைக் கொடுத்தபோதும் இதையேதான் சொன்னார். அப்போது குரல் இவ்வளவு தழுதழுக்கவில்லை.

ஹெரால்டுக்கு ஒரு விசேஷம் உண்டு. 1959இல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் கம்பெனி இதைக் கொண்டுவந்தபோது, பாடியும் சேஸிஸும் ஒன்றாகவே இருக்கும்படி கார் செய்கிற காலம் வந்துவிட்டிருந்தது. ஆனால் முழு பாடி அடித்துத் தர அவர்களுக்குத் தோதான ஆள் அமையவில்லை. ஆகவே துண்டு துண்டாக அடித்து, தனிச் சேஸிஸ்மேல் போல்ட் போட்டு முறுக்கிவிட்டார்கள். 1961 முதல் அது ஸ்டாண்டர்டு என்ற பெயரில் நம் சென்னையிலேயே தயாரானது. இதில் ஒரு சௌகரியம்: போல்ட்டுகளைக் கழற்றி நாலு பேர் கைகொடுத்தால் பாடி தனியாக வந்துவிடும். அசௌகரியமும் அதுதான். அடியில் இருப்பது தெரிந்துவிடும்.

தெரிந்தது. கடற்காற்றில் பல வருஷம் தவமிருந்த சேஸிஸ், காவி கட்டியிருந்தது.

டிங்கர் வந்து பார்த்தார். "மேலயே கறுப்பு அடிச்சு விட்டுரலாம் சார். அடியில யாரு குனிஞ்சு பாக்கப் போறா?" என்றார். யாரும் பார்க்க மாட்டார்கள்தான். ஆனால் துருவுக்கு வெட்கம் கிடையாது. யாரும் பார்க்காவிட்டாலும் தன் வேலையைச் செய்யும். அலுமினியத்தின் மேலும் ஆக்ஸைடு படிகிறது. அது மெல்லிசாக இறுக்கிப் போர்த்திக்கொண்டு உள்ளே இருப்பதைக் காப்பாற்றுகிறது. இரும்பின் துரு அப்படியல்ல. பொலபொலவென்று ஈரத்தை உள்ளே விடும். அரித்த இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு உப்பும். மேலே அடித்த பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும்.

ஆகவே சுரண்டுவது என்று முடிவானது. மாமனார் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு மேற்பார்வைக்கு வந்துவிட்டார். ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். முதலில் சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொன்னார். 'டங்' என்றால் மேல்துரு, 'டொக்' என்றால் வெல்டர். பாடியைத் தாங்கப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கைகளில் ஒன்று 'டொக்' என்றது. ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்தினேன். மறுபக்கம் எட்டிப் பார்த்தது. மற்றதெல்லாம் புண்ணியத்தில் 'டங்'.

துருவைச் சுரண்டுவதற்கும் உலகத்தில் ஒரு சிலபஸ் இருக்கிறது. ஐஎஸ்ஓ 8501-1 என்று பெயர். இரும்பின் துருவுக்கு ஏ, பி, சி, டி என்று படம் போட்டு கிரேடு. கம்பி பிரஷ்ஷும் கிரைண்டரும் வைத்துச் சுத்தம் செய்தால் எஸ்டி 2, எஸ்டி 3. மணலடித்தால் எஸ்ஏ 2½, எஸ்ஏ 3. இந்த இரண்டரையைக் கேட்டதும் மாமனார் முகம் மலர்ந்தது. அரை மார்க் போடுகிறவர்கள் சர்வதேச அளவிலும் இருக்கிறார்கள் என்பது அவருக்கு அன்றுதான் தெரியும்.

வேலைக்கு வருவோம். முதலில் கிரீஸைத் துடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் பிரஷ் அதைச் சேஸிஸ் முழுக்கப் பூசிவிடும். அடுத்து, உப்பு போகத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். துருப்பிடித்த இரும்பின் மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றும் மாப்பிள்ளையை மாமனார் பார்த்த பார்வையை விவரிக்காமல் விடுகிறேன். காய்ந்த பிறகு கம்பி பிரஷ், அதற்கப்புறம் கிரைண்டரில் கப் பிரஷ். அது சுற்றும்போது உதிரும் கம்பிகள் லுங்கியில் வந்து குத்தி நிற்கும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். இதில் ஒரு மோசடியும் நடக்கும்: குழிக்குள் இருக்கும் துரு வெளியே வராமல், தேய்ந்து மெருகேறி, இரும்பு மாதிரியே பளபளக்கும். அதற்குத்தான் பாஸ்பாரிக் ஆசிட். குழிக்குள் மிச்சமிருப்பதை அது இரும்பு பாஸ்பேட்டாக மாற்றிவிடும். டானின் கலந்த மருந்தும் உண்டு. தடவினால் துரு கறுத்துப்போகும். இரும்பைக் கடுக்காயோடு சேர்த்து மை காய்ச்சிய நம் பாட்டன்மாருக்கு இந்தக் கறுப்பு பழக்கமானதுதான்.

எல்லாம் முடிந்து இரும்பு வெள்ளையாகத் தெரிந்ததும் உட்கார்ந்து ரசிக்கக் கூடாது. காற்றில் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினால் வெற்று இரும்பில் துரு வேகமெடுக்கும். திருவான்மியூரில் 60 என்பது வறட்சி. மத்தியானக் கடல்காற்று கிளம்புவதற்குள் சேஸிஸ் முழுக்கப் பிரைமர் அடித்து முடித்தேன்.

மாமனார் தூங்கி எழுந்து வந்தார். காலையில் பார்த்த அதே செங்காவி நிறம்.

"இன்னும் துருவே எடுக்கலையா?"

"எடுத்தாச்சு மாமா. இது ரெட் ஆக்ஸைடு."

"அப்படின்னா?"

"இரும்பு ஆக்ஸைடு."

"துருன்னா?"

"அதுவும் இரும்பு ஆக்ஸைடுதான். ஆனா அதுல தண்ணி சேர்ந்திருக்கும், உதிரும். இது தண்ணி இல்லாத ஆக்ஸைடு. நைஸா அரைச்சு, பிசின்ல குழைச்சது, கெட்டியா ஒட்டிக்கும். ஏற்கெனவே ஆக்ஸைடா இருக்கறதால இதுக்கு மேல துருப்பிடிக்க ஒண்ணும் இல்ல." ஜிங்க் பாஸ்பேட்டைப் பற்றியும் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அப்ப இருந்ததைச் சுரண்டிக் குப்பையில கொட்டிட்டு, அதையே டப்பாவுல வாங்கிட்டு வந்து பூசியிருக்கீங்க."

சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது: "ஜிஎஸ்டி தனிப்பா."