தூணும் நடந்த கதை

கேள்வி: ஆகாயத்தில் 20,000 கிலோமீட்டருக்கு அப்பால் சுற்றும் செயற்கைக்கோள், பூமிக்கு அடியில் பாறைகள் சறுக்கியதை எவ்வாறு அளக்கும்?

பதில்: வீடு நகர்ந்ததா என்பதை வீட்டுக்குள் இருப்பவரைவிட எதிர்வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்பவரே நன்கு அறிவார், பூமியைப் பொறுத்தமட்டில் அந்தத் திண்ணை ஆகாயத்தில் இருக்கிறது. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் கிழக்குக் கடலில் நேர்ந்த பூகம்பத்தின் அளவு, அதிர்வுமானிகளைக் கொண்டு முதலில் 7.9 என்று கணிக்கப்பட்டு, பின்னரே 9.0 என்று தெளிவாயிற்று. செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைப் பெற்றுத் தம் இருப்பிடத்தைக் காட்டுமாறு அந்நாடெங்கும் நாட்டப்பெற்றிருந்த சுமார் 1,200 ஜி.பி.எஸ். தூண்களுள், ஓஷிகா தீபகற்பத்தில் நின்ற ஒன்று 5.3 மீட்டர் நகர்ந்து, 1.2 மீட்டர் தாழ்ந்தும் போயிற்று. அசையாமைக்கு நாம் உவமை காட்டும் தூணே, தன்னைத் தாங்கிய நிலத்தோடு ஏழெட்டுக் காலடி தூரம் நடந்துவிட்டது!

செயற்கைக்கோளின் சமிக்ஞை கடல்நீரை ஊடுருவாதாகையால், அச்சமிக்ஞையைக் கொண்டு கப்பலின் இருப்பிடத்தை மட்டும் நிர்ணயித்து, கப்பலிலிருந்து கடற்படுகைக் கருவிக்கு ஒலியனுப்பி, மறுஒலி திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரம் கணித்த ஜப்பானியக் கடலோரக் காவற்படையினர், பூகம்ப மையத்தருகே கடற்படுகை 24 மீட்டர் நகர்ந்திருக்கக் கண்டனர். மேலே தெரிந்த இவ்விடப்பெயர்ச்சிகளினின்றும் கீழே நிகழ்ந்ததைக் கணிதத்தால் அனுமானித்தபோது, ஆழ்கடல் அகழியை ஒட்டிய பிளவுச் சறுக்கல் ஏறத்தாழ 50 மீட்டர் என்று புலனாயிற்று. இன்று இத்தூண்களின் நகர்வைக் கொண்டே, சில நிமிஷங்களில் பூகம்பத்தின் மெய்யான அளவைக் கணிக்க அந்நாட்டவர் முறை வகுத்திருக்கிறார்கள். கரையிலிருந்து மேட்டுக்கு ஓட வேண்டிய மனிதனுக்கு அந்தச் சில நிமிஷங்களே ஆயுள் அல்லவா?