யூபிஎன்பி மாமா

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒவ்வொன்றிலும் ஒரு யூபிஎன்பி மாமா உண்டு. வங்கியிலோ மின்வாரியத்திலோ விருப்ப ஓய்வு வாங்கியவராக இருப்பார். வீட்டில் மிக்ஸி மாதக்கணக்கில் ஓடாமல் கிடக்கும். அது அவர் கண்ணில் படாது. டோரன்ட் மென்பொருளில் 'போர்ட் மூடியிருக்கிறது' என்று ஒரு வரி வந்துவிட்டாலோ, மனுஷருக்குச் சோறு இறங்காது.

இத்தனைக்கும் அவர் இறக்குவது திருட்டுப் படமல்ல. உபுண்டு, டெபியன் என்று லினக்ஸ் வகையறா. அதையும் கணினியில் ஏற்ற மாட்டார். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் 4 ஜிபி கோப்பு ஆறு நிமிடத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடும், போர்ட் மூடியே கிடந்தாலும். பிறகு என்ன குறை என்று கேட்டால், "வர்றதப் பத்தி இல்லப்பா. நம்மகிட்ட கேட்டு வர்றவன் வாசலோட திரும்பிப் போறானே, அதான் மனசு கேக்கல" என்பார். வாங்கியதைப் பிறருக்கும் கொடு என்பதுதான் பிட்டோரன்ட்டின் தர்மம். 2001-ல் அதை வெளியிட்ட பிராம் கோஹன்கூட அதற்காக இப்படி உருகியிருக்க மாட்டார்.

விஷயம் தெரியாதவர்களுக்கு மாமாவே பாடம் எடுப்பார். "ரவுட்டர்னா நம்ம வாட்ச்மேன்னு வெச்சுக்கோ. நாம போய்க் கூட்டிட்டு வந்த ஆளை உள்ள விடுவான். முன்பின் தெரியாதவன் தானா வந்து நின்னா, எந்த வீட்டுக்குன்னு புரியாம விரட்டிடுவான். 'இந்த போர்ட் நம்பரைச் சொல்லி யார் வந்தாலும் என் வீட்டுக்கு அனுப்பு'ன்னு சாஃப்ட்வேரே அவன்கிட்ட சொல்லி வைக்குது பாரு, அதான் யூபிஎன்பி."

சொல்லி வைத்ததை வாட்ச்மேன் காதில் வாங்காதபோதுதான் திருவிழா ஆரம்பம். ரவுட்டரைக் குப்புறக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் எறும்பெழுத்துப் பாஸ்வேர்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பார். 192.168.1.1 என்ற ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைந்து யூபிஎன்பியை டிக் செய்து சேவ் கொடுப்பார். ரவுட்டர் அணைந்து எரியும். உள்ளறையிலிருந்து மகள், "அப்பா! மீட்டிங்ல இருக்கேன், நெட் போச்சு!" என்பாள். கூடத்திலிருந்து மாமி, "ஏங்க, சீரியல் நின்னுடுச்சு!" என்பார். இரண்டும் அவருக்கு வேலை நடக்கிறது என்பதற்கான அத்தாட்சி.

தானாகத் திறக்காத போர்ட்டைக் கையால் திறப்பது அடுத்த படலம். 65535 வரை எண்கள் இருக்கின்றன. டோரன்ட்டின் பழைய 6881 வேண்டாம், இணைப்புக் கொடுத்த கம்பெனிக்காரன் கண் வைத்திருப்பான். 51413 என்று போடுவார். "கூட்டிப் பாரு, அஞ்சு வருது. புதன்!" அன்று திறந்தும்விடும். மறுநாள் லேப்டாப்புக்கு ரவுட்டர் வேறு ஐபி முகவரி கொடுத்திருக்கும். பழைய ஐபி டிவிக்குப் போயிருக்கும். டெபியன் கேட்டு வந்தவர்களையெல்லாம் வாட்ச்மேன் டிவியிடம் அனுப்பிக்கொண்டிருப்பார்.

கோபத்தில் மாமியின் ஊக்கை வாங்கி, ரவுட்டரின் முதுகிலிருக்கும் ரீசெட் ஓட்டையில் குத்துவார். போர்ட்டோடு சேர்ந்து இணைப்பின் யூசர்நேம், பாஸ்வேர்டும் போய்விடும். வேறு வழியின்றிக் கஸ்டமர் கேர்.

"சார், ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?"

"தம்பி, என் லைன் சிஜிநாட்லயா இருக்கு?"

"சார், பச்சை லைட் எரியுதா?"

அவர் சந்தேகம் நியாயமானதுதான். இணைப்பு திரும்பியதும், இம்முறை ரவுட்டர் காட்டும் வெளி ஐபி 100.72 என்று தொடங்கும். இணையத்தில் 'என் ஐபி என்ன' என்று கேட்டால் வேறொன்று வரும். அப்படியென்றால் வாட்ச்மேனுக்கும் மேலே கம்பெனியின் பெரிய கேட் ஒன்று பூட்டியிருக்கிறது. அதுதான் சிஜிநாட். ஐபிவி4 முகவரிகள் போதாமல், பல வீடுகளை ஒரே பொது முகவரியில் அடைப்பதற்காக 2012-ல் 100.64 முதல் 100.127 வரை தனியாகவே ஒதுக்கிவிட்டார்கள். வீட்டு ரவுட்டரில் எத்தனை டிக் போட்டாலும் அந்த கேட் திறக்காது. மாதாமாதம் கூடுதலாகக் கட்டிப் பொது ஐபி வாங்கலாம். மாமி ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்: "ஊருக்குக் கொடுக்கறதுக்கு நாம காசு கட்டணுமா?"

மாமா அதோடு ஓய்ந்துவிடுவார் என்றா நினைக்கிறீர்கள்? அடுத்த குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடிப்பார். "யாரும் யூபிஎன்பியை ஆன்ல வைக்காதீங்க. பாஸ்வேர்டே கேக்காது. வீட்டுல இருக்கற கேமராகூட நம்மளைக் கேக்காம வெளியாளுக்குக் கதவைத் திறந்துடும்." சொன்னது அத்தனையும் உண்மை, கைதட்டலும் கிடைக்கும். மறுநாள் காலை, சட்டைப் பையில் ஊக்கோடு, முதல் மாடியிலிருந்து வீடு வீடாக ரவுட்டர் பார்க்கக் கிளம்பிவிடுவார். மதியத்துக்குள் நான்கு மாடியிலும் நெட் போயிருக்கும்.