சுவிட்ச் போட்டால் காட்டாறு

லாஸ் ஏஞ்சல்ஸில் 2028இல் ஒலிம்பிக். ஆனால் அதன் கனோ ஸ்லாலம் படகுப் போட்டி அங்கே இல்லை. சுமார் 2,000 கிலோமீட்டர் தள்ளி, மலையோ கடலோ எட்டிப் பார்க்காத ஒக்லஹோமா நகரத்தில். 2016இல் அங்கே ஒரு செயற்கைக் காட்டாறு திறந்தார்கள். அதை ஓட்டும் பம்புக்கும், பக்கத்திலேயே படுத்திருக்கும் அசல் ஆற்றுக்கும் ஒரு காலை வேளையில் வாய்த்தகராறு.

பம்பு: ஒதுங்கிக்குங்க பாட்டி. சுவிட்ச் போடப் போறாங்க. காட்டாறு வருது.

ஆறு: வானம் வெளுத்துக் கிடக்கு. எங்கேடா மழை?

பம்பு: மழையாவது ஒண்ணாவது! கீழ்க்குளத்துத் தண்ணிய நான் மேல்குளத்துக்குத் தூக்குவேன். அது கான்கிரீட் வாய்க்கால்ல முட்டி மோதி, நுரை தள்ளி, கீழ்க்குளத்துக்கே வந்து சேரும். மறுபடியும் தூக்குவேன்.

ஆறு: ஆக, எந்த ஊருக்கும் போய்ச் சேராத தண்ணி.

பம்பு: போகக் கூடாதுங்கிறதுதான் திட்டமே. சிட்னியில எங்க பென்ரித் அண்ணன் இருக்கார், 2000 ஒலிம்பிக்குக்குக் கட்டினது. அங்கே படகுல உக்காந்தபடியே இருக்கலாம். பெல்ட்டே உச்சிக்குக் கொண்டுபோய் விட்டுடும்.

ஆறு: நல்லாயிருக்கு. பாறைக்கு என்ன பண்றீங்க?

பம்பு: எங்க வம்சத்துல பாறையும் பிளாஸ்டிக்லயே வந்தாச்சு. வேற மாதிரி சுழி வேணுமா? தண்ணிய நிறுத்து, கட்டைய கழட்டு, தள்ளி மாட்டு. மேலே கம்பு தொங்கும். பச்சைன்னா தண்ணியோட போகணும், சிவப்புன்னா கீழேருந்து எதிர்த்து ஏறணும். கம்பு மேல பட்டுட்டா 2 நொடி அபராதம், விட்டுட்டா 50.

ஆறு: நான் கவுத்தவன்கிட்ட ஒருநாளும் நொடிக் கணக்கு கேட்டதில்லை.

பம்பு: அதான் உங்களுக்கு ஒலிம்பிக் கிடைக்கலை. எங்க குடும்பம் அப்படியா? தாத்தா ஜெர்மனியில ஆக்ஸ்பர்க். 1972 மியூனிக் ஒலிம்பிக்ல கனோ ஸ்லாலம் முதல்முதலா நடந்ததே அவர் மடியிலதான். ஐஸ்கனால்னு பேரு.

ஆறு: படகு விடுற இடத்துல ஐஸ் எதுக்கு?

பம்பு: லெஹ் ஆத்துல மிதந்து வர்ற ஐஸ்கட்டிய ஒதுக்கிவிடுறதுக்கு இருந்த வாய்க்கால் அது. அதையே திருத்திக் கட்டினாங்க.

ஆறு: அங்கே எத்தனை பம்பு ஓடுது?

பம்பு: ...பம்பு இல்லை. ஆத்துத் தண்ணி தானா இறங்கி ஓடும்.

ஆறு: அப்புறம் எப்படிடா உனக்குத் தாத்தா? அவன் என் பங்காளி!

பம்பு: சரி, தூரத்துச் சொந்தம்னு வெச்சுக்குங்க. கதையைக் கேளுங்க. கிழக்கு ஜெர்மனிக்காரங்க அந்த வாய்க்காலை அளந்துட்டுப் போய், ஸ்விக்காவ்ல அதே மாதிரி ஒண்ணு கட்டிப் பழகினாங்க. போட்டிக்கு வந்து நாலு தங்கத்தையும் அள்ளிட்டுப் போயிட்டாங்க.

ஆறு: இது கேள்வித்தாள் அவுட்டான கதை. சரி, அடுத்த ஒலிம்பிக்ல?

பம்பு: இந்தப் போட்டியே இல்லை. 1992 பார்சிலோனா வரைக்கும் கூப்பிடவே இல்லை. 2004 ஏதென்ஸ்ல பாருங்க, எங்காளுங்க கடல் தண்ணியையே இழுத்து ஓட்டினாங்க!

ஆறு: பலே. அவன் என்ன ஆனான்?

பம்பு: ...போட்டி முடிஞ்சு கைவிட்டுட்டாங்க. வருஷக்கணக்கா காஞ்சு கிடந்தான்.

ஆறு: அதான பார்த்தேன். லாஸ் ஏஞ்சல்ஸ்காரன் விழா வீட்டுல வெச்சு, பந்தியை இங்கே போடுறானே, அவன் ஊர்ல ஆறு கிடையாதா?

பம்பு: இருக்கு. 1938ல வெள்ளம் வந்துச்சு. பயந்துபோய்ப் பெரும்பாலான இடத்துல கரை, தரை எல்லாத்துக்கும் கான்கிரீட் பூசிட்டாங்க. இப்போ சினிமாக்காரன் அதுக்குள்ள கார் துரத்துற சீன் எடுக்கிறான்.

ஆறு: ஓ. கான்கிரீட் இருக்கு, தண்ணிதான் பேருக்கு. அதனால கான்கிரீட்டும் தண்ணியும் ஒண்ணா கிடைக்கிற ஊரைத் தேடி வந்திருக்கான்.

பம்பு: ரொம்பப் பேசாதீங்க பாட்டி. நாட்டிலேயே புல்வெட்டுற மிஷின் ஓடின ஒரே ஆறு நீங்கதான்னு ஊரே சிரிச்சது எனக்குத் தெரியாதா?

ஆறு: சிரிக்கட்டும். 1923ல நான் கரையேறினேன், ஒத்துக்கிறேன். அதுக்காக 1950கள்ல ராணுவப் பொறியாளருங்க வந்து என் வளைவையெல்லாம் நிமிர்த்தினாங்க. தண்ணி போய் புல் முளைச்சது. புல்லை வெட்ட ஆள் வெச்சாங்க. அப்புறம், ஆத்துல தண்ணி இல்லாட்டி ஊருக்கு அழகில்லைன்னு மூணு சின்ன அணை கட்டினாங்க. இப்போ நிக்கிறேன், ஓடலை. என் முதுகுல துடுப்புப் போட்டியெல்லாம் நடக்குது. இதெல்லாம் முடிஞ்ச பிறகு, எனக்குப் பக்கத்துலயே 4.5 கோடி டாலர் அளவுக்குக் கொட்டி, வளைவு வளைவா வாய்க்கால் வெட்டி, அடங்காத காட்டாறுன்னு டிக்கெட் கிழிக்கிறீங்க. அந்த அடங்காத்தனத்தை நான் சும்மாவே குடுத்துட்டு இருந்தேனேடா!

பம்பு: குடுத்தீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கும் குடுத்தீங்க, அடுப்படி வரைக்கும் வந்து குடுத்தீங்க. உங்களுக்கு ஆஃப் சுவிட்ச் இல்லையே பாட்டி.

ஆறு: ம்... அதுவும் சரிதான். காசு யாருது?

பம்பு: ஊர்க்காசு. 2009ல ஓட்டுப் போட்டு ஒத்துக்கிட்ட வரி, டாலருக்கு ஒரு சென்ட். கடையில சோப்பு வாங்கினவன், செருப்பு வாங்கினவன் எல்லாரும் சேர்ந்து கட்டினது. போட்டி இல்லாத நாள்ல அவங்களே ஹெல்மெட் மாட்டிக்கிட்டு ரப்பர் படகுல வந்து அலறிட்டுப் போறாங்க. ஏதென்ஸ்காரன் மாதிரி ஒலிம்பிக் முடிஞ்சா காஞ்சுபோற ஜாதி இல்லை நான். எனக்கு ஒலிம்பிக்தான் பின்னாடி வருது.

ஆறு: பொழைக்கத் தெரிஞ்சவன். சரி, 2028ல எனக்கும் ஒரு டிக்கெட் எடுத்துவை. பங்காளி பேத்திக வந்தா பார்க்கணும்.

பம்பு: எடுத்துட்டாப் போச்சு. பேரு?

ஆறு: எந்தப் பேரு வேணும்? வட கனேடியன் ஆறுன்னுதான் காலகாலமா கூப்பிட்டாங்க. இந்த ஊருக்குள்ள இருக்கிற 7 மைலுக்கு மட்டும் 2004ல ஒக்லஹோமா ஆறுன்னு மாத்திட்டாங்க. ஊரைத் தாண்டினா பழைய பேரு.

பம்பு: ஒரே பேருதான் எழுத முடியும் பாட்டி. அடையாள அட்டை ஏதாவது வெச்சிருக்கீங்களா?